பக்கவாத மறுவாழ்வும் குழுக் கூட்டமும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

மருத்துவம் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும்தான். நாடி பார்ப்பார், மருந்து எழுதுவார், நோய் தீரும். காய்ச்சலுக்கும் வயிற்றுப் போக்குக்கும் இது போதும். ஆனால் பக்கவாதம் வந்து, உயிர் பிழைத்து, ஒரு கையும் ஒரு காலும் சொன்னபடி கேளாமல் படுத்திருக்கும் ஒருவரை மீண்டும் வீட்டுக்கும் வீதிக்கும் கொண்டுவந்து சேர்க்க ஒரு மருத்துவர் போதமாட்டார். அங்கே ஒரு குழு வேண்டும். அக்குழுவினர் தனித்தனியே உழைத்தால் மட்டும் போதாது; வாரம் ஒருமுறையேனும் ஒன்றாக உட்கார்ந்து பேசவும் வேண்டும். அந்தக் கூட்டம் எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளையும் பயன் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறு படிக்கும் மாணவனுக்கு மருத்துவமனையில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் பெரியப்பா பக்கவாதத்தால் தாக்குண்டு, மறுவாழ்வுப் பிரிவு ஒன்றில் ஏழு வாரங்கள் தங்கியிருந்தார். அப்போது குடும்பத்தின் சார்பில் மூன்று குழுக் கூட்டங்களில் உட்காரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டதையும் பின்னர் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

பக்கவாதம் என்பது யாது?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்பட்டாலோ, குழாய் வெடித்து இரத்தம் கசிந்தாலோ, அக்குழாயை நம்பியிருந்த மூளைப் பகுதி செயலிழக்கிறது. இதுவே பக்கவாதம். அடைப்பினால் வருவதே பெரும்பான்மை. அத்தகைய அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும் என்பதால், வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை அனைவரும் நினைவிற் கொள்க.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. வலப்பாதி இடப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலோர்க்குப் பேச்சாற்றலின் இருப்பிடமும் இடப்பாதியே. பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா, ஏறக்குறைய ஓர் அசையை மட்டுமே சொல்லக்கூடியவராய் இருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்து, இடப்பாதியின் முன்பகுதியில் சிதைவு இருப்பதை 1861-இல் எடுத்துக்காட்டினார். வலக்கை விழுந்தவர்கள் பலருக்குப் பேச்சும் சேர்ந்து விழுவதன் காரணம் இதுவே. அவர்களுள் பலருக்கு நாம் சொல்வது புரியும். மறுமொழி சொல்லத்தான் வாராது.

பக்கவாதம் கையையும் காலையும் மட்டும் தாக்குவதில்லை. விழுங்குதல், சிறுநீரை அடக்குதல், நினைவு, கவனம், பார்வை, மனத்தெம்பு ஆகிய எதுவும் பழுதுபடலாம். இவை ஒவ்வொன்றையும் சீர்செய்ய ஒவ்வொரு துறை இருக்கிறது. துறைகள் பல; ஆனால் மனிதர் ஒருவர். குழுக் கூட்டத்தின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

சிறிது வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய டாக்டர் ஹோவர்டு ரஸ்க், காயமுற்ற வீரர்களைக் கட்டிலில் கிடத்தி வைப்பதைவிடப் பல துறையினரும் சேர்ந்து பயிற்சி அளிப்பதே சிறந்தது எனக் கண்டார். போருக்குப் பின் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்திற்கென்றே ஒரு நிறுவனத்தை உருவாக்கினார். அங்கே பயின்றவர்களுள் ஒருவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த கார் விபத்தில் இரு கால்களும் செயலற்றுப் போன அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தோன்ற அவரே முன்னின்றார். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நம் தமிழகத்திற்கு இத்துறை வந்த வழிகளுள் இது முதன்மையானது.

பக்கவாத நோயாளிகளைக் குழுவாகக் கவனிப்பதால் உண்மையில் நன்மை உண்டா என்னும் வினாவுக்கு நார்வே நாட்டின் ட்ரான்ட்ஹெய்ம் நகர ஆய்வு தெளிவான விடை தந்தது. 1991-இல் வெளியான அவ்வாய்வில் 220 நோயாளிகள் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். 110 பேர் பக்கவாதத்திற்கென அமைந்த தனிப் பிரிவிலும், 110 பேர் பொது மருத்துவப் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். ஆறு வாரங்களுக்குப் பின், தனிப் பிரிவைச் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 56 பேர் வீட்டில் இருந்தனர். பொதுப் பிரிவைச் சேர்ந்தவர்களுள் நூற்றுக்கு 33 பேரே வீட்டில் இருந்தனர். தனிப் பிரிவில் அதிசய மருந்து எதுவும் இருந்ததில்லை. முறையான கவனிப்பும், விரைவிலேயே எழுப்பி உட்காரவைத்துத் தரும் பயிற்சியும், குழுவாக இயங்குதலுமே இருந்தன.

2020-இல் காக்ரேன் அமைப்பு 29 ஆய்வுகளை, அதாவது 5,902 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே முடிவு கிடைத்தது. கூட்டம் ஒன்றே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இத்தகைய ஒழுங்கமைந்த கவனிப்பின் அடையாளங்களாகக் கூறப்படுவனவற்றுள் வாரந்தோறும் கூடும் குழுக் கூட்டமும் ஒன்று. அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், 2010 முதல் மறுவாழ்வு மருத்துவமனைகள் வாரம் ஒருமுறையேனும் இக்கூட்டத்தை நடத்தியாக வேண்டும் என விதித்தது. எந்தெந்தத் துறையினர் அதில் அமர வேண்டும் என்பதையும் அவ்விதியே வரையறுத்தது.

குழுவில் யார் யார்?

நான் கண்ட குழுவில் தலைமை ஏற்றவர் மறுவாழ்வு மருத்துவர். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு முதலியன அவர் பொறுப்பு. நிற்பது, நடப்பது, சமநிலை ஆகியவை பிசியோதெரபிஸ்ட் பொறுப்பு. குளிப்பது, உடுத்துவது, உண்பது போன்ற அன்றாடச் செயல்களைப் பழக்குபவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுப் பயிற்சியாளர் பேச்சை மட்டுமன்றி விழுங்குதலையும் சோதிக்கிறார். நீர் குடிக்கும்போது இருமல் வந்தால், அந்நீர் நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். ஆகவே அவர் சோதித்துச் சொல்லும்வரை ஒரு மிடறு நீரும் வாய்வழி தருவதில்லை.

உணவியல் வல்லுநர், உளவியலாளர், மருத்துவ சமூகப் பணியாளர் ஆகியோரும் உண்டு. வீட்டின் அமைப்பு, வருமானம், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பனவற்றைச் சமூகப் பணியாளர் அறிந்து வருகிறார். இவர்கள் அனைவரும் நோயாளியைப் பகலில் அரை மணியோ ஒரு மணியோ பார்ப்பவர்கள். இருபத்துநான்கு மணி நேரமும் பார்ப்பவர் செவிலியர் ஒருவரே. கூட்டத்தில் அவர் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புத் தரப்படுகிறதோ, அந்த அளவுக்கே அக்கூட்டம் தரமுடையது என்பது என் கருத்து.

கூட்டம் நடைபெறும் முறை

வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று முன்கூட்டியே குறித்துவிடுகிறார்கள். ஒரு நோயாளிக்குப் பத்து அல்லது பதினைந்து நிமிடம். கூட்டத்திற்கு வருமுன் ஒவ்வொருவரும் தம் பங்கை அளந்து எடுத்து வருகின்றனர். அளப்பதற்குப் பல அளவுகோல்கள் உள்ளன. 1965-இல் வெளியான பார்தெல் அளவுகோல் அவற்றுள் எளியது. உண்ணுதல், குளித்தல், முகம் கழுவுதல், உடுத்துதல், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், கழிவறை செல்லுதல், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படியேறுதல் ஆகிய பத்துச் செயல்களுக்கும் மதிப்பெண் இடுகிறார்கள். முழு மதிப்பெண் நூறு. என் பெரியப்பா சேர்ந்த வாரத்தில் பெற்றது 20. தேர்வு எழுதிப் பழகிய நமக்கு இந்த எண் எளிதில் புரியும். ஆனால் இங்கே மதிப்பெண் குறைந்தால் கேள்விக்குள்ளாவது குழுவின் திட்டமே.

கூட்டத்தில் நான்கு வினாக்கள் வரிசையாக எழுகின்றன. சென்ற வாரம் வைத்த இலக்கு நிறைவேறியதா? இல்லையெனில் தடை யாது? அடுத்த வாரத்தின் இலக்கு என்ன? வீடு திரும்பும் நாள் எது? இவற்றுள் கடைசி வினாவை முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிறார்கள். போகும் நாள் தெரிந்தால்தான் அதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்த முடியும்.

இலக்கு என்பதை அவர்கள் சொல்லும் விதம் நாம் கற்றுக்கொள்ளத்தக்கது. "நடை முன்னேற வேண்டும்" என்றால் மருத்துவர் ஏற்பதில்லை. "வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஒருவர் துணையுடன் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டும்" என்றால்தான் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். பக்கத்திலேயே அதற்குப் பொறுப்பானவர் பெயரும் ஏறுகிறது. பெயரும் நாளும் இல்லாத முடிவு வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

துறையினரின் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. முதற் கூட்டத்தில் பிசியோதெரபிஸ்ட், "பிடித்துக்கொண்டால் எழுந்து நிற்கிறார்" என்றார். செவிலியரோ, "வார்டில் இரண்டு பேர் தூக்கித்தான் உட்கார வைக்கிறோம்" என்றார். இருவர் சொன்னதும் உண்மையே. காலை பத்து மணிக்குச் சமதளமான பயிற்சிக் கூடத்தில் ஒருவரால் செய்ய முடிவது வேறு; நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் அவர் செய்வது வேறு. முடிவதற்கும் செய்வதற்கும் உள்ள இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதே கூட்டத்தின் பெரும்பணி. அன்று மாலையே பிசியோதெரபிஸ்ட் வார்டுக்கு வந்து, எந்தப் பக்கம் நின்று, எங்கே பிடித்து எழுப்ப வேண்டும் என்று செவிலியர்க்கும் என் பெரியம்மாவுக்கும் காட்டினார். அதன்பின் ஒவ்வொரு முறை எழுப்புவதும் ஒரு பயிற்சியாயிற்று.

ஓர் எடுத்துக்காட்டு

கூட்டத்தின் ஆற்றலை நான் முழுமையாக உணர்ந்தது இரண்டாம் கூட்டத்தில். என் பெரியப்பா சிறு நகரில் மளிகைக் கடை வைத்திருந்தவர். வலக்கை, வலக்கால் இரண்டும் விழுந்து, பேச்சும் நின்றிருந்தது. அந்த வாரம் உணவியல் வல்லுநர், எடை இரண்டு கிலோ குறைந்துள்ளது என்றார். விழுங்குவதில் கோளாறு இருக்குமோ என்று மருத்துவர் கேட்டார். இல்லை, கெட்டியான கஞ்சியை நன்றாக விழுங்குகிறார் என்றார் பேச்சுப் பயிற்சியாளர். மனச்சோர்வாக இருக்கலாம் என்றார் உளவியலாளர். இடக்கையால் கரண்டி பிடிக்கப் பழகிவிட்டாரே என்றார் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்.

அப்போது செவிலியர் சொன்னார்: "திரையை இழுத்துவிட்டால் சாப்பிடுறாரு டாக்டர். யாராவது வந்தா கரண்டியைக் கீழே வச்சிடுறாரு."

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தனர். பெரியம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடைக்கு வர்ற பிள்ளைங்க இடக்கையாலே காசு நீட்டினாக்கூட வாங்க மாட்டாருங்க. அந்தக் கையாலே நாலு பேர் பார்க்க எப்படிங்க சாப்பிடுவாரு?"

பசியின்மை என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது உண்மையில் நாணம். ஆறு துறையினரும் ஆறு துண்டுகளைக் கையில் வைத்திருந்தனர். ஏழாம் துண்டு பெரியம்மாவிடம் இருந்தது. தனித்தனியே கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் குறையில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பர். எடை குறைந்துகொண்டே இருந்திருக்கும்.

முடிவுகள் மூன்று நிமிடத்தில் எழுதப்பட்டன. வலக்கை உள்ளங்கையில் பட்டை கட்டி, அதில் கரண்டியைச் செருகி, இடக்கையால் வலக்கை மணிக்கட்டைத் தாங்கி உண்ணப் பழக்குவது. அதுவரை உணவு வேளையில் திரையை இழுத்துவிடுவது. சிறிது சிறிதாக ஒரு நாளைக்கு ஆறு வேளை தருவது. உண்மைக் காரணம் இதுதானா என்று படங்களைக் காட்டி அவரிடமே கேட்டு உறுதி செய்யும் பொறுப்பைப் பேச்சுப் பயிற்சியாளர் ஏற்றார். அடுத்த கூட்டத்தில் எடை மேலும் குறையவில்லை. அதற்கடுத்த வாரம் அரை கிலோ கூடியிருந்தது. கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆனால் உண்ணாதவர்க்குப் பயிற்சி செய்ய வலு ஏது?

நோயாளிக்கு உரிய இடம்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என்பன அவை. நோயாளியை வள்ளுவர் முதலில் வைத்திருக்கிறார். நடைமுறையிலோ அவரைப்பற்றி எல்லோரும் பேச, அவர் மட்டும் வார்டில் படுத்திருப்பது உண்டு. பேச இயலாதவர் என்றால் கேட்கவே வேண்டியதில்லை.

மூன்றாம் கூட்டத்திற்குப் பெரியப்பாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தனர். வீடு திரும்புமுன் எதை அடைய வேண்டும் என்று சமூகப் பணியாளர் கேட்டார். "பழையபடி நடந்து கடைக்கு வரணும்" என்றார் பெரியப்பாவின் மகனான என் அண்ணன். பிறகு அவர் ஐந்து படங்களைப் பெரியப்பாவின் முன் வைத்தார். கடை, கோயில், சாப்பாடு, நடக்கும் மனிதர், கழிவறை. பெரியப்பாவின் இடக்கை கடையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, கழிவறைப் படத்தின்மேல் நின்றது. விரலை அவர் எடுக்கவேயில்லை. பிறர் கையை எதிர்பாராமல் அந்த ஒரு காரியத்தைச் செய்துகொள்ள வேண்டும் என்பதே அவர் கேட்டது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை.

அதன்பின் திட்டம் முழுவதும் மாறியது. நீண்ட தூர நடைக்குச் செலவிட்ட நேரம், கட்டிலிலிருந்து எழுவதற்கும், பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பதற்கும், ஒரு கையால் உடையைத் தளர்த்தி உடுத்துவதற்கும் திருப்பப்பட்டது. ஒரு கையால் வேட்டி கட்ட முடியாது என்பதால், இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த லுங்கி வந்தது. எங்கள் வீட்டுக் கழிவறை கொல்லைப்புறத்தில், மூன்று படி இறங்கிச் செல்ல வேண்டிய இடத்தில் இருந்தது. வாசல் அகலம், படியின் உயரம், கட்டிலின் உயரம் ஆகியவற்றை அளந்து வரைந்து வரும்படி என்னிடம் சொன்னார்கள். அதைப் பார்த்து, கட்டிலருகே கமோடு நாற்காலியும் சுவரில் இரும்புக் குழாய்ப் பிடியும் வைக்க முடிவாயிற்று.

ஏழாம் வார முடிவில் பெரியப்பா வீடு திரும்பியபோது மதிப்பெண் 65. கதவுக்கு வெளியே ஒருவர் நின்றால் போதும், உள்ளே அவர் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொண்டார். கடைக்கு நடந்து செல்ல இயலவில்லை. சில சொற்களே மீண்டன. முழுக் குணம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் அவர் கேட்டது அவருக்குக் கிடைத்தது.

கூட்டம் பழுதுபடும் இடங்கள்

எல்லாக் கூட்டங்களும் இப்படி அமைவதில்லை. மூத்தவர் ஒருவரே பேசி மற்றவர் தலையாட்டினால் அது கூட்டமாகாது. ஏற்கெனவே எழுதி வைத்ததை ஒவ்வொருவரும் படித்துவிட்டு எழுந்தாலும் பயனில்லை. உறவினர் முன்னிலையில் புரியாத ஆங்கிலச் சொற்களிலேயே பேசுவது அவர்களை வெளியே நிறுத்துவதற்கு ஒப்பாகும். கூட்டமே இல்லாத இடத்தின் நிலை இன்னும் மோசம். பெரியப்பா முதலில் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையில், காலையில் வந்தவர் "அசையாமல் படுக்க வையுங்கள்" என்றார், மாலையில் வந்தவர் "ஏன் உட்கார வைக்கவில்லை?" என்று பெரியம்மாவைக் கடிந்தார். இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததாகத் தெரியவில்லை. இடையில் அகப்பட்டுத் தவித்தவர் பெரியம்மா.

நாம் செய்யக்கூடியது

எட்டுத் துறையினரும் உள்ள மருத்துவமனை எல்லா ஊர்களிலும் இல்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், வீட்டிற்கே சென்று பிசியோதெரபி அளிப்பதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அவ்வாறு வரும் பிசியோதெரபிஸ்ட், செவிலியர், வீட்டார் ஆகிய மூவர் திண்ணையில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசினாலும் அது குழுக் கூட்டமே. கூட்டத்தை ஆக்குவது ஆட்களின் எண்ணிக்கையன்று, கேட்கப்படும் வினாக்களே. உறவினர் கேட்க வேண்டியவை இவை:

1. இப்போது இவரால் தாமாகச் செய்ய முடிவது எது, துணையுடன் முடிவது எது?
2. இந்த வாரத்தின் இலக்கு என்ன? அது இவரைக் கேட்டு வைத்த இலக்குத்தானா?
3. பயிற்சி இல்லாத நேரத்தில் நாங்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன?
4. வீட்டில் எதை மாற்ற வேண்டும்?
5. அடுத்து யார், எந்த நாளில், எதைப் பார்ப்பார்கள்?

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் படிப்போருள் பெரும்பாலோர் தத்தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். வீட்டில் ஒருவர் நோயுற்றால் மருத்துவமனையின் ஆங்கிலக் கோப்பு நம் கையில்தான் தரப்படுகிறது. மருத்துவம் நமக்குத் தெரியாது என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பேனாவும் எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் சென்று அமரலாம்; புரியாததைக் கேட்கலாம்; யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள் என்பதை நாளோடு எழுதி வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, படுத்திருப்பவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஒருமுறை கேட்கலாம். பேச இயலாதவரும் இதற்கு விடை வைத்திருப்பார்.